வெள்ளைக் காரின் இடது கதவு

பனி விலகாத ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. இரத்தோட்டைக்கு மேலே, மலைச்சரிவில் இருந்த அந்தப் பழைய வாகன யார்டின் கேட்டுக்கு முன்னால் திறப்புக் கொத்தோடு நின்றேன். எதிரே தேயிலை மலையிலிருந்து இறங்கும் பாதையில் பெண்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். கொழுந்துக் கூடை சுமக்கும் அதே நடை. நெற்றியில் அதே கயிறு. முதுகில்தான் கூடை இல்லை. கார்க் கதவுகள் இருந்தன.

முதல் கதவு வெள்ளை. அடுத்தது நீலம். அதற்கடுத்தது ஒரு வேனின் பின்கதவு. இரண்டு பேர் பாடை தூக்குவதுபோல முன்னும் பின்னுமாகத் தூக்கி வந்தார்கள். கடைசியாக வந்த பெண்ணிடம் கதவு இல்லை. பஸ் ஸ்டியரிங் ஒன்றைக் கைப்பை மாதிரித் தோளில் மாட்டியிருந்தார்.

"மிஸ், கேட்ட தொறங்க. கழுத்து வலிக்குது" என்றார் முன்னால் வந்த செல்லம்மா அக்கா.

"என்னக்கா இது?"

"ஒங்க சாமான்தான். சரி பாத்து எடுத்துக்கங்க."

என்னுடைய வேலை அந்த யார்டைக் காலி செய்வது. வியாழக்கிழமை காலைக்குள் அங்கே ஓர் ஆணிகூட இருக்கக்கூடாது. இருந்தால், அது எனக்குச் சொந்தமில்லை. அதனால் கேட்டைத் திறந்தபோது, ஊர் எனக்கு உதவத்தான் வருகிறது என்று நினைத்தேன். அவ்வளவு காலையில் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

மூன்று குவியல்கள்

இத்தொடரைப் புதிதாக வாசிப்பவர்களுக்காக என் தொழிலைப் பற்றி ஒரு சிறு விளக்கம். பழைய வாகனங்களைப் போட்டுவைக்கும் யார்டுகளை நான் முழுசாக வாங்குகிறேன். உடைத்து, பிரித்து, விற்று, நிலத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கிறேன். யார்ட் நடத்துபவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற விரும்பும் முதலாளிகள். அவர்களுக்கு அங்கே இருப்பது எல்லாம் இரும்பு. எனக்கு அது மூன்று குவியல்.

ஒன்று: ஓடக்கூடியது. என்ஜின், கியர்பொக்ஸ் முதலியன.

இரண்டு: பொருந்தக்கூடியது. கதவு, கண்ணாடி, லைட். இவற்றை ஒரே ஒருவர்தான் வாங்குவார். அந்த ஒருவரைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

மூன்று: உருகக்கூடியது. மிச்சம் எல்லாம்.

இதற்கு முன் ஒரு காப்புறுதிக் கம்பனியில் விபத்து வாகனங்களைப் பார்த்து அறிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். வாகனத் தொழில்நுட்ப டிப்ளோமா எடுத்த பெண்ணுக்கு அவர்கள் கொடுத்த வேலை அது. "முழு இழப்பு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தால், கேட்டுக்குப் பக்கத்திலேயே ஒருவர் நின்று அதே வாகனத்தை வாங்கி, இரண்டு மாதத்தில் லாபத்தோடு விற்றுவிடுவார். நான் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று எனக்கு விளங்கக் கொஞ்ச காலம் எடுத்தது.

முதல் சில யார்டுகளை வேறொரு வியாபாரியோடு கூட்டாகச் செய்தேன். இரத்தோட்டை யார்ட்தான் தனியாக எடுத்த முதலாவது. "பொம்பளப் புள்ள தனியா செஞ்சா பாதியில நிக்கும்" என்று அந்தக் கூட்டாளி மாத்தளை டவுன் முழுக்கச் சொல்லியிருந்தார். பாதியில் நிற்காமல் முடிக்க வேண்டும் என்பது அந்தக் கிழமை எனக்குச் சாப்பாட்டைவிட முக்கியமாக இருந்தது.

ஹாஜியார் விற்ற விதம்

யார்டின் முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்றே அழைத்தார்கள். மாத்தளையில் பல தலைமுறையாக இருக்கும் வியாபாரக் குடும்பம். வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சாரம், காதில் எப்போதும் ஒரு சின்ன ஸ்பானர். பென்சில் வைக்கிற இடத்தில் ஸ்பானர் வைத்திருந்த ஒரே மனிதரை அங்கேதான் பார்த்தேன்.

விலை பேசிய அன்று அவர் எதையும் எண்ணவில்லை. பிளேன்டீயும் ஒரு துண்டுக் கருப்பட்டியும் கொடுத்தார். கையை வட்டமாக வீசினார்.

"உள்ளுக்கு ஈக்கிறதும் உங்கட. வெளில ஈக்கிறதும் உங்கட. போதுமா மகள்?"

வெளியில் இருப்பது என்று பார்த்தால், வேலிக்கு அந்தப் பக்கம் நாலைந்து டயர் கிடந்தது. தலையாட்டினேன்.

நிலம் ஹாஜியாருடையது அல்ல. அது பண்டார சேருடையது. ஓய்வுபெற்ற ஆசிரியர், தமிழும் சிங்களமும் ஒரே வாக்கியத்தில் பேசுவார். அந்த இடத்தில் மகனுக்கு வீடு கட்டப் போகிறார். வியாழக்கிழமை காலை அடிக்கல்லுக்கு நெக்கத், அதாவது நல்ல நேரம், பார்த்தாகிவிட்டது. அந்த நேரத்தில் நிலத்தில் என்ன எஞ்சியிருந்தாலும் அது அவருக்கு. ஒப்பந்தத்தில் அதைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்.

"ஏன் சேர் இவ்வளவு கண்டிப்பு?" என்று கேட்டேன்.

"ஹாஜியாருக்கு முதல் ஒருத்தர் இருந்தார், மிஸ். எல்லாம் கொண்டு போனார். ஒரு ரோட் ரோலர் மட்டும் விட்டுட்டு, 'கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும் சேர்' எண்டார். அங்க பாருங்க."

நிலத்தின் எல்லையில் ஒரு பலா மரம் நின்றது. அதன் அடிமரம் ஒரு ரோட் ரோலருக்கு நடுவால் வளர்ந்திருந்தது. மரம் காய்த்திருந்தது.

ஒரு கேள்வி

யார்டில் எனக்குப் பிடித்தது ஒரு வெள்ளைக் கார். பழைய பிரித்தானியத் தயாரிப்பு, வட்டக் கண் லைட்டுகள். சக்கரங்கள் இல்லை, ஆனால் மற்ற எல்லாம் இருந்தது, இடது கதவைத் தவிர. கண்டியில் ஒரு பல் டொக்டர் இப்படியான கார்களைச் சேர்க்கிறார். படம் அனுப்பினேன். உடனே கோல் எடுத்தார்.

"கதவோட வந்தா அது கார், மிஸ். கதவில்லாம வந்தா அது இரும்பு. ரெண்டுக்கும் ரெண்டு விலை."

அந்த விலைகளுக்கு இடையில் இருந்த தூரத்தில்தான் என் முழு லாபத்தின் பெரும்பங்கு இருந்தது. மற்றது என்ஜின்களில் இருந்தது. யார்டின் பின்பக்கம் அவற்றைக் கழுவி, எண்ணெய் பூசி, சாக்குப் போட்டு அடுக்கி வைத்திருந்தோம். கொழும்பிலிருந்து லொறி வரவேண்டியதுதான் பாக்கி.

சனிக்கிழமை சுமனா அக்காவின் தேத்தண்ணிக் கடைக்குப் போனேன். யார்டுக்குக் கீழே உள்ள சின்னக் கடை. வடைகளை மூடி வைத்திருந்த கண்ணாடி ஒரு வேனின் முன்கண்ணாடி. வைப்பர் இன்னும் அதில் இருந்தது. எண்ணெய்ப் புகை படிந்தால் சுமனா அக்கா அதைக் கையால் இப்படியும் அப்படியும் ஆட்டித் துடைப்பார்.

"அக்கா, வெள்ளைக் காரோட இடது கதவு இங்க யாருகிட்டயாவது இருக்கா? இருந்தா வேணும்" என்றேன்.

வைப்பர் பாதியில் நின்றது.

"மிஸ் கேக்கிறீங்களா?"

"ஆமா."

"நீங்கதானே இப்ப முதலாளி?"

"ஆமாக்கா."

"ஆ" என்றார் சுமனா அக்கா. கடையில் இருந்த மூன்று பேர் தேத்தண்ணியை முடிக்காமல் எழுந்து போனார்கள். எனக்கு அது ஒன்றும் விசித்திரமாகப் படவில்லை. பஸ் வரும் நேரம் என்று நினைத்தேன்.

அமானிதம்

ஞாயிறு மதியத்துக்குள் விஷயம் விளங்கிவிட்டது. செல்லம்மா அக்கா கொண்டுவந்தது நான் கேட்ட அதே வெள்ளைக் கதவு. கைபிடி வேலை செய்தது. கண்ணாடி ஏறி இறங்கியது. நான் சந்தோஷத்தில் அதை மூன்று தடவை ஏற்றி இறக்கினேன்.

"எங்கக்கா வச்சிருந்தீங்க இத?"

"கக்கூசுக்கு. காத்து வேணும்னா கண்ணாடிய எறக்கிக்கலாம். யாராச்சும் வந்தா ஏத்திக்கலாம்."

"இப்ப கக்கூசுக்கு?"

"கொட இருக்கு" என்றார்.

ஹாஜியார் அந்தச் சுற்றுவட்டாரம் முழுவதற்கும் சாமான் கொடுத்து வைத்திருந்தார். விற்கவில்லை. தானமாகவும் கொடுக்கவில்லை. அமானிதம். முஸ்லிம்கள் சொல்லும் வார்த்தை. அங்கே தமிழரும் சிங்களவரும் அதையே சொன்னார்கள். நம்பிக்கையின் பேரில் ஒப்படைத்த பொருள். வைத்திருக்கலாம், பாவிக்கலாம். உரியவர் கேட்டால் உடனே கொடுத்துவிட வேண்டும். ஹாஜியார் ஒருபோதும் கேட்டதில்லை. நான் வந்தேன், கேட்டேன்.

பின்னேரம் முழுக்கச் சாமான் வந்தபடி இருந்தது. பழக்கதோஷத்தில் ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினேன்.

மிளகு காயப்போட்ட பொனட்டுகள். பஸ் சீட்டுகள், அதில் ஒன்று உட்கார்ந்திருந்த கிழவரோடு. அவர் இறங்கி, சீட்டை ஒப்படைத்துவிட்டு, நடந்து போனார். தண்ணீர் பிடித்த பெற்றோல் டாங்கி. லைட் கிண்ணம் ஒன்று. அதற்குப் பின்னால் ஒரு கோழி.

"கோழி ஏன் வருது?" என்று கேட்டேன்.

"அது இதுலதான் தண்ணி குடிக்கும், மிஸ். வேற ஏனத்த மதிக்காது."

கோழியும் தங்கிவிட்டது. அதை எந்தக் குவியலில் சேர்ப்பது என்று தெரியாமல் எழுதுவதை நிறுத்தினேன்.

இருட்டுவதற்கு முன் தோட்டத்துச் சின்னக் கத்தோலிக்கக் கோவிலின் உபதேசியார் வந்தார். வஹகோட்டைத் திருவிழாவில் பார்த்த முகம். இரண்டு கையாலும் ஒரு லொறிச் சக்கரத்தின் இரும்பு வளையத்தைத் தூக்கியிருந்தார். தட்டினால் கணீரென்றது. கோவில் மணி.

"இத எடுத்துக்கிட்டா பூசைக்கு என்ன அடிப்பீங்க, அண்ணே?"

"குரூப்ல மெசேஜ் போட்டுருவோம்" என்றார், முகத்தில் எந்தக் குறையும் காட்டாமல்.

காலி செய்யச் செய்ய நிறைந்தது

என்னோடு வேலை செய்த ரவி அண்ணன் எங்கள் எல்கடுவைப் பக்கத்தவர். கேஸ் சுவாலையால் இரும்பு வெட்டுவதில் கெட்டிக்காரர். திங்கட்கிழமை காலை வந்து, யார்டைப் பார்த்து, அலவாங்குக் கம்பியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தார்.

"தங்கச்சி, நாம யார்ட காலி பண்ண வந்தமா, ரொப்ப வந்தமா?"

அவர் கேட்டது நியாயம். கேட்டிலிருந்து பின்பக்கம் வரை நாங்கள் பாடுபட்டு வெட்டி வைத்த பாதை மறைந்து போயிருந்தது. அன்று வந்த கொழும்பு லொறி கேட்டுக்குள் மூக்கை மட்டும் நுழைத்தது. டிரைவர் இறங்கினார். பஸ் சீட் மலையைப் பார்த்தார், கோழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்ஜின் எங்க?"

"பின்னாடி."

"நான் புதன் பின்னேரம் மாத்தளைப் பக்கம் வருவேன். வழி இருந்தா ஏத்துவேன். இல்லாட்டி இந்த மாசம் வரமாட்டேன்."

புதன் பின்னேரம் லொறி. வியாழன் காலை நெக்கத். இடையில் வேறு லொறி பிடிக்க வழியில்லை. வழி திறக்காவிட்டால் என் என்ஜின்கள் எல்லாம் பண்டார சேருக்கு. கூட்டாளி சொன்னது உண்மையாகிவிடும்.

எனக்குத் தோன்றிய வழிகளை வரிசையாகச் செய்து பார்த்தேன்.

முதல் வழி, சும்மா கொடுப்பது. "எல்லாத்தையும் நீங்களே வச்சுக்கங்க, எனக்கு வேணாம்" என்றேன். செல்லம்மா அக்கா ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"அது எப்புடி மிஸ்? அமானிதத்த சும்மா எடுத்துக்கிட்டா, ஹாஜியார் எப்ப போவார்னு இத்தன வருஷமா பாத்துக்கிட்டு இருந்த மாதிரி ஆயிரும். நாங்க அப்படியாப்பட்ட ஆளுங்களா?"

இரண்டாவது வழி, பெயருக்கு விற்பது. சுமனா அக்காவிடம் வடைக் கண்ணாடியை ஒரு ரூபாய்க்குத் தருவதாகச் சொன்னேன்.

"ஒரு ரூவா?" அவர் குரல் உயர்ந்தது. "மிஸ், இந்தக் கண்ணாடி எத்தன வடைய பாத்தது தெரியுமா? ஒரு ரூவாயா இதுக்கு?"

கண்ணாடியைச் சீலைத் துண்டில் சுற்றி, வைப்பரோடு என் கையில் கொடுத்துவிட்டார். வடை மேல் ஈ உட்கார்ந்தது.

மூன்றாவது வழி, எல்லாவற்றையும் ஏற்றி உருக்க அனுப்புவது. துருப்பிடித்த மெல்லிய தகடு அது. ஏற்றுக்கூலிக்கே காணாது. அதைவிட, அதற்குள் ஒரு கோவில் மணி இருந்தது.

செவ்வாய்க்கிழமை விளையாட்டுக் கழகத்து இளைஞர்கள் மூன்று பேர் வந்தார்கள். தலைவர் ஷேர்ட்டைக் காற்சட்டைக்குள் விட்டிருந்தார்.

"மிஸ், பாலத்த எப்ப கழட்டுறீங்க?"

"எந்தப் பாலம்?"

ஓடையைக் கடக்கும் நடைபாலம். அது ஹாஜியாரின் லொறிச் சேஸி, மேலே பலகை அடித்தது. தோட்டத்துப் பிள்ளைகள் அதில்தான் பாடசாலைக்குப் போகிறார்கள்.

"கழட்டுற அன்னிக்கு ஸ்கூலுக்குச் சொல்லணும், லீவு விடச் சொல்லி. ஒரு திகதி குடுத்தீங்கன்னா..."

மிகவும் பொறுப்பாகக் கேட்டார். நான் அவர்களை உட்காரச் சொல்ல நினைத்தேன். உட்கார ஊர் முழுவதின் சீட்டுகளும் என்னிடம் இருந்தன. ஆனால் ஒருவரும் உட்காரமாட்டார்கள். ஒப்படைத்த சாமான்.

"என்னத்துக்கு கேட்டீங்க?"

ஹாஜியாருக்குக் கோல் எடுத்தேன். டவுனில் மகளின் வீட்டில் இருந்தார். பின்னால் பேரப்பிள்ளைகளின் சத்தம்.

"ஹாஜியார், ஊரே சாமானைக் கொண்டுவந்து கொட்டுது."

"மாஷா அல்லாஹ்" என்றார். "நல்ல சனம்."

"எனக்கு லொறி உள்ள வர வழியில்லை."

"நீங்க என்னத்துக்கு மகள் கேட்டீங்க?"

"நான் ஒரு கதவைத்தான் கேட்டேன்."

"ஒண்டக் கேட்டா எல்லாம் கேட்ட மாதிரிதான். நான் அங்க ஈந்த காலம் முழுக்க ஒரு ஆணி கேட்டதில்ல. பயம். கேட்டா எல்லாம் வந்துருமே!"

"அப்ப ஏன் கொடுத்தீங்க? தர்மமா?"

ஹாஜியார் சிரித்தது பேரப்பிள்ளைகளின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

"தர்மமா? எடம் இல்ல மகள்! பண்டார சேர்ட காணி அவ்வளவு சின்னது. வாங்கினதப் போட எடமில்ல. ஊடு ஊடாப் போய்க் கெஞ்சினேன். 'எனக்கு எடமில்ல, இத கொஞ்ச நாளைக்கு வெச்சிக்கோங்க' எண்டு. அவங்க எனக்குச் செஞ்ச உதவி அது. நான் அவங்களுக்குச் செஞ்சதில்ல."

சும்மா கொடுக்கப் பார்த்ததையும் ஒரு ரூபாய்க்கு விற்கப் பார்த்ததையும் சொன்னேன்.

"நீங்க குடுக்கப் போனீங்க. அதான் வாங்கல்ல" என்றார். "போய்க் கேளுங்க. வாய் நோகாது."

குடைக்குப் பின்னால் ஒரு குரல்

புதன்கிழமை காலை ரவி அண்ணனும் நானும் ஒரு நீல வேன் கதவைத் தூக்கிக்கொண்டு செல்லம்மா அக்காவின் லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, போனோம். அவர் சரி என்றால் ஊர் சரி என்னும். வழியெல்லாம் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன். எனக்குக் கெஞ்சிப் பழக்கமில்லை. அறிக்கை எழுதித்தான் பழக்கம்.

லயத்துக்குப் பின்னால் கக்கூஸ். கதவு இருந்த இடத்தில் ஒரு பெரிய கறுப்புக் குடை விரிந்திருந்தது. வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்து, குடையின் விளிம்பைப் பிடித்தபடி செல்லம்மா அக்கா. மடியில் பிறந்து சில கிழமையேயான பேரக் குழந்தை. மருமகள் உள்ளே.

"அங்கனயே நில்லுங்க, மிஸ்" என்றார். நின்றோம். ரவி அண்ணன் மலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

"அக்கா, எனக்கு இடமில்ல. இத கொஞ்ச நாளைக்கு உங்க வீட்ல வச்சிருக்க முடியுமா? பெரிய உதவியா இருக்கும்."

சொன்னது என் குரல்தான். ஆனால் யாரோ சொல்வது போலக் கேட்டது.

செல்லம்மா அக்கா என்னை நன்றாகப் பார்த்தார்.

"எத்தன நாளைக்கு?"

"நான் கேக்கிற வரைக்கும்."

"எப்ப கேப்பீங்க?"

"தெரியாதுக்கா."

"அப்ப சரி. எடமில்லாதவங்களுக்கு ஒதவாம எப்புடி?"

கதவைக் கீழே இறக்கினோம். அப்போது குடைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அத்தே, எந்தக் கதவு கொண்டாந்திருக்காங்க?"

"நீலக் கதவு."

"அது பத்தாது, அத்தே. வெள்ளக் கதவ கேளுங்க."

"நீ ஒன் வேலயப் பாரு" என்றார் மாமியார். ஆனால் எழுந்து வந்து நீலக் கதவை மேலும் கீழும் பார்த்தார்.

நானும் டேப்பை எடுத்து அளந்தேன். மருமகள் சொன்னது சரி. அங்கே நின்ற இரும்புத் தூணில் அந்த வெள்ளைக் காரின் கதவுக்கு ஏற்றபடிதான் கீல்கள் ஒட்டியிருந்தன. வேறு எந்தக் கதவும் அதில் தொங்காது. வெல்டிங் செட் கொண்டுவந்து மாற்ற ஒரு நாள் வேண்டும். அந்த ஒரு நாள் என்னிடம் இல்லை.

குழந்தை அழத் தொடங்கியது. "அத்தே, கொட சாயுது" என்றது உள்ளிருந்து குரல்.

கண்டி டொக்டரின் இரண்டு விலைகளும் எனக்கு மனப்பாடம். அவற்றைக் கழித்துப் பார்த்தேன். பிறகு சாக்குப் போட்ட என்ஜின்களை நினைத்தேன். பிறகு குடையைப் பார்த்தேன்.

"ரவி அண்ணே, வெள்ளைக் கதவ கொண்டாங்க."

"தங்கச்சி, நெசமாவா? அந்தக் கார்..."

"கொண்டாங்க."

கதவை மாட்டினோம். ஒரே தட்டில் கீலில் உட்கார்ந்தது. உள்ளேயிருந்து யாரோ கைபிடியைச் சுற்றிக் கண்ணாடியை மெதுவாக ஏற்றினார்கள்.

ஊர் முழுக்கக் கெஞ்சினேன்

நாங்கள் யார்டுக்குத் திரும்புமுன் செய்தி திரும்பியிருந்தது. மிஸ்ஸுக்கு இடமில்லையாம். கேட்டடியில் ஒரு கூட்டம். எல்லோரும் வந்து நின்றார்கள். ஆனால் ஒருவரும் தாமாக எதையும் தொடவில்லை. கேட்க வேண்டுமே.

கேட்டேன். ஒவ்வொருவரிடமும் கேட்டேன். "எனக்கு இடமில்ல, கொஞ்ச நாளைக்கு வச்சிருங்க." சிலர் உடனே தூக்கினார்கள். சிலர் யோசிப்பது போல் நின்று இன்னொரு தடவை கேட்க வைத்தார்கள். உபதேசியார் மணியை எடுத்துத் தூரம் போனதும் ஒரு தட்டுத் தட்டினார், கணீர்.

சுமனா அக்கா மட்டும் வரவில்லை. நான் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு கடைக்கே போக வேண்டியிருந்தது.

"ஒரு ரூவாய்க்கா?" என்றார் முகத்தைத் திருப்பி.

"இல்லக்கா. எனக்கு இடமில்ல."

"அதான பாத்தேன்" என்று வாங்கிக்கொண்டு, வைப்பரை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார்.

அவசரத்தில் சாமான்கள் மாறிப் போயின. பஸ் சீட் கொடுத்தவருக்குப் பொனட் போனது. யாரோ ஒருவரின் வீட்டு வாசலில் அம்பியூலன்ஸ் கதவு ஏறிவிட்டது; அந்த வழியாகப் போகிறவர்கள் இன்றும் உள்ளே யாருக்குச் சுகமில்லை என்று கேட்கிறார்களாம். பாலத்தைப் பற்றி விளையாட்டுக் கழகத் தலைவரிடம் நான் எழுந்து நின்று முறையாகக் கேட்டேன். கமிட்டியோடு பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். கமிட்டி பின்னாலேயே நின்றது. பேசினார்கள். சம்மதம்.

லைட் கிண்ணத்துக்காரர் கிண்ணத்தை எடுத்தார். கோழி எழுந்து பின்னால் போனது.

பின்னேரம் லொறி வந்தபோது வழி திறந்திருந்தது. என்ஜின்கள் ஏறின. லொறி நிறைந்தது. டிரைவர் யார்டைச் சுற்றிப் பார்த்தார்.

"எங்க போச்சு எல்லாம்?"

"வச்சிருக்காங்க" என்றேன்.

நெக்கத்

வியாழன் காலை யார்டில் ஒரே ஒரு பொருள் இருந்தது. இடது கதவில்லாத வெள்ளைக் கார். கதவு வராது என்றதும் கண்டி டொக்டர் இரும்பு விலைக்கும் வேண்டாம் என்று விட்டார். லொறியில் இடமில்லை. வெட்டலாம் என்றார் ரவி அண்ணன். எனக்கு மனம் வரவில்லை.

பண்டார சேர் வெள்ளை உடையில் வந்தார். மேசன், கல், பால் முட்டி, கிரிபத் என்னும் பாற்சோற்றுத் தட்டு, அயலவர் எல்லோரும் வந்தார்கள். நடுவில் நின்ற காரை சேர் பார்த்தார். மணிக்கூட்டைப் பார்த்தார்.

"மிஸ், இது இப்ப எனக்குதானே?"

"நெக்கத்துக்கு இன்னும் கொஞ்சம் இருக்கு, சேர்."

"அப்ப என்ன செய்யப் போறீங்க?"

எனக்குத் தெரிந்த ஒரே வாக்கியத்தைச் சொன்னேன்.

"சேர், எனக்கு இடமில்ல. இத கொஞ்ச நாளைக்கு வச்சிருப்பீங்களா?"

செல்லம்மா அக்கா பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு முன் வரிசையில் நின்றார். சேரையே பார்த்தார். சுமனா அக்காவும் பார்த்தார். உபதேசியாரும் பார்த்தார்.

பண்டார சேரின் கண்கள் எல்லையில் நின்ற பலா மரத்துக்குப் போய்த் திரும்பின.

"ரோட் ரோலர்காரனும் இப்பிடித்தான் சொன்னான்" என்றார்.

"ஆமா, சேர்."

"எவ்வளவு நாளைக்கு?"

"நான் கேக்கிற வரைக்கும்."

மேசன் மணிக்கூட்டைக் காட்டினார். சேர் ஒரு பெருமூச்சு விட்டார். "ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொன்னார். "தள்ளுங்க." எல்லோரும் சேர்ந்து காரை மரக்கட்டைகளில் உருட்டிப் பலா மரத்துப் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். கல் சரியான நேரத்துக்கு விழுந்தது. நான் கிரிபத் சாப்பிட்டேன். என்ஜின் பணத்தில் லாபம் வந்தது. அதிகமில்லை, ஆனால் பாதியில் நிற்கவில்லை.

அங்கே இப்போது வீடு எழுந்துவிட்டது. இரத்தோட்டையிலிருந்து எனக்கு இன்றும் கோல் வரும். பொனட்டுக்குப் பெயின்ட் அடிக்கலாமா மிஸ், பாலத்துக்குப் புதுப் பலகை போடலாமா மிஸ், என்று. போன மாதம் பண்டார சேர் எடுத்தார். காருக்கு ஒரு சின்னக் கூரை போட அனுமதி வேண்டுமாம். மகன் அதற்குள் உட்கார்ந்துதான் பேப்பர் வாசிக்கிறானாம்.

கண்டி டொக்டருக்கு மனம் மாறிவிட்டது. அடிக்கடி கேட்கிறார்.

"அந்த இடது கதவு எங்க இருக்குனு உங்களுக்குத் தெரியும்தானே, மிஸ்? கேட்டுப் பார்க்கலாமே?"

தெரியும். அண்மையில் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன். செல்லம்மா அக்காவின் பேரன் இப்போது எழுந்து நிற்கிறான். கைபிடியைச் சுற்றிக் கண்ணாடியை ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தான். உள்ளேயிருந்து யாரோ அவனைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு தடவ கேட்டுப் பாத்தாச்சு, டொக்டர்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.